எல்லை வகுக்காத ஏரி

நிலத்தைப் பங்கிடுதல் எளிது. நீரைப் பங்கிடுதல் அரிது. யாழ்ப்பாணத்திற் பிறந்த எவருக்கும் இவ்வுண்மையை நூல்கொண்டு விளக்கவேண்டியதில்லை. காணியை அளந்து, கல் நாட்டி, வேலி அடைத்து, இன்னது இன்னாருக்குரியது என்று உறுதி எழுதிவிடலாம். அக்காணியின் மூலையிலுள்ள கிணற்றை அவ்வாறு வெட்டிப் பிரித்தல் இயலாது. ஆதலினாலேதான் நம் முன்னோர், நிலத்துக்குப் பரப்பும் குழியும் எழுதிய அதே உறுதியிலே கிணற்றுக்குப் பங்கு என்று எழுதினார்கள். அப்பங்கோடு வழியையும் வாய்க்காலையும் சேர்த்தார்கள். பொதுவான ஒன்றை ஆளுவதற்கு வேலி போதாது, ஒழுங்கு வேண்டும் என்பதே அவ்வெழுத்தின் கருத்தாகும்.

சென்ற ஆண்டு நம் கல்லூரிக்குப் பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தார். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். இப்பொழுது சுவிற்சர்லாந்தின் சென் காலன் நகரிலே குடும்பத்தோடு வாழ்பவர். என் வகுப்பு மாணவரோடு சிறிது நேரம் உரையாடுமாறு அவரை வேண்டினேன். அவர் தாம் கொண்டுவந்த தேசப்படத்தைக் கரும்பலகையிலே தொங்கவிட்டு, "எங்கள் வீட்டுக் குழாயில் வருவது இந்த ஏரித் தண்ணீர். இதன் அக்கரையில் ஜேர்மனி. கிழக்கு மூலையில் ஒஸ்திரியா. அவர்கள் ஏரிக்குள் விடுவது எங்கள் வீட்டுக்கு வரும், நாங்கள் விடுவது அவர்களிடம் போகும்" என்று கூறினார். முன்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, தேசப்படத்தை உற்றுநோக்கியவனாய், "சேர், தரையிலே எல்லைக்கோடு கீறியிருக்கிறது, ஏரிக்குள்ளே அந்தக் கோட்டைக் காணவில்லையே?" என்று வினாவினான். அச்சுப்பிழையாயிருக்கும் என்று கூறி அவனை இருத்திவிட்டேன். அது அச்சுப்பிழையன்று, என் பிழையே என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். அம்மாணவனுக்கு அன்று யான் கொடுத்திருக்கவேண்டிய விடையே இக்கட்டுரை.

ஏரியும் கரைகளும்

அல்ப்ஸ் மலைத்தொடரின் வடபுறத்து அடிவாரத்திலே, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 395 மீற்றர் உயரத்திலே அமைந்தது கொன்ஸ்ரன்ஸ் ஏரி. ஜேர்மன் மொழியில் இதனைப் போடன்சே என்பர். இதன் பரப்பு 536 சதுர கிலோமீற்றர். மிக ஆழமான இடம் 251 மீற்றர். றைன் நதி மலைகளிலிருந்து இறங்கித் தென்கிழக்கிலே இதனுட் புகுந்து, மேற்கிலே வெளிப்பட்டு, வடகடலை நோக்கிச் செல்கின்றது. ஏரி இரு பகுதிகளையுடையது. கிழக்கிலுள்ள பெரும்பகுதி மேலேரி எனவும், மேற்கிலுள்ள சிறுபகுதி கீழேரி எனவும் பெயர்பெறும். இரண்டும் சந்திக்கும் இடுக்கிலே கொன்ஸ்ரன்ஸ் என்னும் ஜேர்மன் நகரம் இருக்கின்றது.

ஏரிக்கரையின் மொத்த நீளம் 273 கிலோமீற்றர். அதில் 173 கிலோமீற்றர் ஜேர்மனிக்கும், 72 கிலோமீற்றர் சுவிற்சர்லாந்துக்கும், 28 கிலோமீற்றர் ஒஸ்திரியாவுக்கும் உரியன. ஜேர்மனியின் கரையும் ஒரே ஆட்சிக்கு உட்பட்டதன்று. பாடன்-வூர்ட்டம்பேர்க், பவேரியா என்னும் இரு மாநிலங்கள் அதனைப் பகிர்ந்துள்ளன. ஒஸ்திரியாவின் கரை போரார்ல்பேர்க் மாநிலத்தைச் சேர்ந்தது. சுவிற்சர்லாந்தின் மாநிலங்களைக் கன்ரன் என்பர். அவற்றுள் மேலேரியின் கரையிலுள்ளவை சென் காலன், தூர்காவ் என்பன.

கரையைமட்டும் நோக்கினால் விடயம் விளங்காது. மழைநீரையும் ஆற்றுநீரையும் இவ்வேரிக்குக் கொண்டுவரும் நிலப்பரப்பு 11,000 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. நமது வடமாகாணம் முழுவதையும்விடப் பெரியது. ஏரியைக் கண்ணாற் காணாத மலைக்கிராமத்தான் ஒருவன் தன் ஊர் ஓடையிலே கொட்டுவதும் ஈற்றில் ஏரியையே வந்தடையும். இவ்வாறு நாடுகளும் மாநிலங்களும் நூற்றுக்கணக்கான ஊராட்சிகளும் ஒரே நீரில் வந்து கூடுகின்றன.

கோடு எங்கே?

கீழேரியிலே எல்லை உண்டு. அஃது 1854ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டது. ஆனால் மேலேரியின் நடுவே மூன்று நாடுகளும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு இன்றளவும் இல்லை. ஏரியின் நடுவால் எல்லை செல்கின்றது என்பது சுவிற்சர்லாந்தின் கொள்கை. கரையோர ஆழங்குறைந்த நீர் அவ்வவ் நாட்டுக்குரியது, அதற்கப்பாலுள்ள ஆழ்நீர் எல்லார்க்கும் பொதுவானது என்பது ஒஸ்திரியாவின் கொள்கை. ஜேர்மனி ஒரு பக்கமும் சாராதிருக்கின்றது. போர்கள் பல கண்ட ஐரோப்பாக் கண்டத்தின் நடுவிலே, மூன்று நாடுகள் இத்தனை காலமாக ஓர் எல்லை வழக்கைத் தீர்க்காமலே விட்டுவைத்திருப்பது வியப்பன்றோ?

வழக்கைத் தீர்க்கவில்லையே ஒழிய, ஒழுங்கை அவர்கள் விட்டுவிடவில்லை. ஏரியில் முதலில் ஒழுங்கு தேடியவர்கள் மீனவர்களே. ஒரு கரையார் சிறுகண் வலைவீசிக் குஞ்சுமீனை அள்ளினால், மற்றைக் கரையாருக்கு மறுவருடம் மீனில்லை. எனவே 1893ஆம் ஆண்டிலே, ஒஸ்திரியக் கரையிலுள்ள பிறெகன்ஸ் நகரில், அக்காலத்துக் கரையோர அரசுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. பிடிக்கத்தக்க மீனின் அளவு, மீன்பிடி விலக்கப்பட்ட பருவம், பயன்படுத்தத்தக்க வலை ஆகியன எல்லாக் கரைகளுக்கும் ஒரு தன்மையாக வகுக்கப்பட்டன. ஆழ்நீரிலே உரிமம் பெற்ற எந்தக் கரை மீனவரும் தொழில் செய்யலாம் என்னும் வழக்கமும் நிலைபெற்றது. அவ்வுடன்படிக்கையைச் செய்த அரசர்கள் போயினர், பேரரசுகள் போயின, உலகப்போர்கள் இரண்டு வந்து போயின. உடன்படிக்கை மாத்திரம் இன்றும் நடைமுறையில் இருக்கின்றது.

நோயும் காரணமும்

எல்லைக்கோடு இல்லாமை தானாக ஒரு நன்மையையும் தந்துவிடாது. எல்லார்க்கும் பொதுவான கிணற்றை ஒருவரும் இறைத்துத் துப்புரவு செய்யாது விடுதல் நம் ஊரிலும் உண்டு. இரண்டாம் உலகப்போரின் பின்னர் இவ்வேரிக்கும் அக்கதியே நேர்ந்தது. கரையோர நகரங்கள் வளர்ந்தன, தொழிற்சாலைகள் பெருகின, உல்லாசப் பயணிகள் திரண்டனர். வீடுகளின் கழிவுநீரும், வயல்களுக்கு இட்ட உரத்தின் எச்சமும், புதிதாக வந்த சலவைத்தூளின் நுரையும் ஏரியிற் கலந்தன. இவற்றோடு கலந்து வந்த பொசுபரசுதான் நோய்க்கு முதற் காரணம்.

பொசுபரசு நஞ்சன்று, அஃது உணவு. நீரில் மிதக்கும் நுண்ணிய பாசிகளுக்கு வேண்டிய உணவுகளுள் அது மிக அருகியே கிடைப்பது. அது பெருகினாற் பாசியும் பெருகும். பெருகிய பாசி மடிந்து அடியிற் படிந்து அழுகும்போது, ஆழ்நீரிலுள்ள ஒட்சிசனை உண்டுவிடும். ஒட்சிசன் அற்ற அடித்தளத்திலே, அங்கு போய்த் தங்கும் மீன்முட்டைகள் பொரியா. இவ்வாறு உணவு மிகுதியினாலேயே ஓர் ஏரி மூச்சடைத்து இறக்கும்.

1950களின் தொடக்கத்திலே மேலேரி நீரில் ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் பொசுபரசே இருந்தது. அது படிப்படியாக ஏறி, 1979ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 87 மில்லிகிராமை எட்டியது. அஃதாவது முப்பது ஆண்டிற்குள் பன்னிரண்டு மடங்கு பெருகிற்று. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றிய ஏரி, பச்சைநிறம் பூண்டது.

இங்கேதான் இவ்விடயத்தின் முடிச்சு இருக்கின்றது. ஒரு நகரசபை தன் மக்களின் வரிப்பணத்தைக் கொண்டு தன் கழிவுநீரைச் சுத்திகரிக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். செலவு முழுவதும் அந்நகரத்தாருடையது. நன்மையோ ஏரியைச் சூழ்ந்த எல்லாருக்கும் உரியது. பக்கத்து நகரம் ஒன்றும் செய்யாதிருப்பின், செலவு செய்தவனுடைய நீரும் கெட்டே இருக்கும். ஆகவே ஒவ்வொருவரும் மற்றவர் தொடங்கட்டும் என்று காத்திருப்பர். காத்திருப்பவர்களுள் ஒருவரும் தீயவரல்லர், கணக்கறிந்தவர்களே. ஆயினும் ஏரி கெடும்.

உடன்படிக்கை

இம்முடிச்சை அவிழ்ப்பதற்காக 1959ஆம் ஆண்டில் கரையோர அரசுகள் கூடி, ஏரியின் நீரைப் பாதுகாக்கும் பன்னாட்டு ஆணைக்குழு ஒன்றை நிறுவின. அடுத்த ஆண்டு, 1960 ஒக்ரோபர் 27ஆம் நாள், சுவிஸ் கரையிலுள்ள ஸ்ரெக்போர்ன் என்னும் சிற்றூரிலே உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1961இல் அது நடைமுறைக்கு வந்தது.

உடன்படிக்கையில் ஒப்பமிட்டவர்களைக் கவனித்தல் வேண்டும். ஒஸ்திரியா, சுவிற்சர்லாந்து ஆகிய இரண்டும் நாடுகள் என்ற முறையில் ஒப்பமிட்டன. ஆனால் ஜேர்மனியின் சார்பில் ஒப்பமிட்டவை பாடன்-வூர்ட்டம்பேர்க், பவேரியா என்னும் இரு மாநிலங்களே. தமது அதிகாரத்துக்குட்பட்ட விடயங்களில், மத்திய அரசின் இசைவோடு பிறநாடுகளுடன் உடன்படிக்கை செய்ய ஜேர்மனியின் அரசியலமைப்பு மாநிலங்களுக்கு இடமளிக்கின்றது. சுவிற்சர்லாந்தின் பக்கத்திலும் ஒஸ்திரியாவின் பக்கத்திலும் வேலையின் பெரும்பங்கைத் தாங்குபவை கன்ரன்களும் போரார்ல்பேர்க் மாநிலமுமே. கழிவுநீர்க் குழாய் இடுவதும், சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதும், அதற்கு வரி அறவிடுவதும் தலைநகரத்து அமைச்சர்களின் தொழிலல்ல. மாநிலத்தினதும் நகரசபையினதும் தொழில்கள். ஆகவே எவர் வீடு திரும்பி வேலையைச் செய்யவேண்டியவரோ, அவரே மேசையிலும் அமர்ந்திருந்தார். இவ்வொழுங்கின் முதற் சிறப்பு இதுவாகும்.

இரண்டாவது, அவ்வாணைக்குழுவின் அதிகாரம் பற்றியது. கட்டளையிடும் அதிகாரம் அதற்கில்லை. ஏரியின் நிலையை ஆராய்வது, கேட்டின் காரணத்தைக் கண்டறிவது, செய்யவேண்டியவற்றைப் பரிந்துரைப்பது என்பனவே அதன் தொழில். தீர்மானங்கள் ஒருமனதாக எடுக்கப்படல் வேண்டும்; ஒருவர் மறுப்பினும் தீர்மானமில்லை. எடுத்த தீர்மானத்தை ஒவ்வோர் அரசும் தன் தன் சட்டத்தின்படி, தன் தன் செலவில் நிறைவேற்றும்.

பார்த்தவுடன் இது வலியற்ற ஏற்பாடாகத் தோன்றும். யானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆயின் சற்று ஆழ்ந்து நோக்குக. பெரும்பான்மையால் எடுத்த தீர்மானத்தைத் தோற்றவர் மனமொப்பி நிறைவேற்றுவது அரிது. தண்டிக்க ஆளில்லாவிடத்தில் அது மேலும் அரிது. எல்லாரும் இசைந்த தீர்மானமோ, எல்லாரும் தம் வாயாற் சொன்ன சொல். அத்தோடு நீரை அளக்கும் அறிஞர்கள் எல்லாக் கரைகளிலிருந்தும் வந்து, ஒரே முறையில் அளந்து, ஒரே அறிக்கை எழுதினார்கள். எவர் அளவு சரி என்னும் வழக்குக்கு இடமிருக்கவில்லை. அளவில் ஒன்றுபட்டவர்கள் காரணத்தில் ஒன்றுபட்டனர். காரணத்தில் ஒன்றுபட்டவர்கள் மருந்திலும் ஒன்றுபட நேர்ந்தது.

செயலும் பொறுமையும்

1967ஆம் ஆண்டில் ஏரியின் தூய்மைக்கான பொது நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. மலைக்கிராமங்கள் முதற் கரையோர நகரங்கள் வரை கழிவுநீர்க் குழாய்கள் இடப்பட்டன. சுத்திகரிப்பு நிலையங்களிலே இரும்பு உப்புகளைச் சேர்த்துப் பொசுபரசை வண்டலாகப் படியவைத்து அகற்றும் முறை புகுத்தப்பட்டது. சுவிற்சர்லாந்து 1986ஆம் ஆண்டில், துணி துவைக்கும் தூள்களில் பொசுபேற்றைச் சேர்த்தலைத் தடைசெய்தது. இன்று ஏரியின் நீர்ப்பரப்பு முழுவதிலும் 200க்கும் மேற்பட்ட சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. இவற்றுக்கெனக் காலத்துக்குக் காலம் செலவான தொகை 400 கோடி யூரோவுக்கும் மேற்பட்டதாகும்.

கொன்ஸ்ரன்ஸ் நகரத்தோடு ஒட்டியுள்ளது குறொய்ஸ்லிங்கன் என்னும் சுவிஸ் நகரம். ஒரு தெருவின் இப்பக்கம் ஒரு நாடு, அப்பக்கம் மறு நாடு எனத்தக்க அண்மை. குறொய்ஸ்லிங்கனின் கழிவுநீர் எல்லை கடந்து கொன்ஸ்ரன்ஸ் நகரத்தின் நிலையத்துக்குச் சென்றே சுத்திகரிக்கப்படுகின்றது. ஒரே தெருவில் இரண்டு நிலையங்கள் எதற்கு என்று இரு நகரத்தாரும் எண்ணினர்போலும். இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு வேலி போடப்பட்டது. ஏரிக்கரையை ஒட்டிய இடத்திலிருந்த வேலி 2006ஆம் ஆண்டில் அகற்றப்பட்டு, அடுத்த ஆண்டில் அவ்விடத்தே சிற்பங்கள் நிறுத்தப்பட்டன. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கொரோனா நோய்த்தொற்றின்போது, அங்கே மீண்டும் வேலி எழுந்தது. இரு கரையிலும் பிரிந்த குடும்பத்தவரும் காதலரும் கம்பிக்கு இருபுறமும் நின்று பேசிக்கொண்டனர். மே மாதத்தில் அவ்வேலி நீங்கிற்று. மனிதர் செல்லாத அந்நாட்களிலும் நிலத்தின் கீழே கழிவுநீர் எல்லையைக் கடந்துகொண்டேயிருந்தது.

இனி, மாணவர் மனத்திற் கொள்ளவேண்டிய ஒரு கணக்கைச் சொல்வேன். உடன்படிக்கை கைச்சாத்தானது 1960இல். பொசுபரசு உச்சத்தை அடைந்ததோ 1979ஆம் ஆண்டளவில். அஃதாவது ஒப்பமிட்ட பின்னரும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் நோய் ஏறிக்கொண்டே சென்றது. அதன்பின் இறங்கத்தொடங்கி, கனமீற்றருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே வந்தது இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேதான். 1960இல் ஒப்பமிட்டவர்களுட் பலர் ஏரி தெளிந்ததைக் காண இருந்திருக்கமாட்டார்கள். வரி கொடுத்தவர்கள், இத்தனை கொடுத்தும் ஏரி பச்சையாகவே இருக்கின்றதே என்று முணுமுணுத்திருப்பார்கள். பனங்கொட்டை நடுபவனுக்கு அதன் பழம் கிடைப்பது நிச்சயமன்று. ஆயினும் நம் பாட்டன்மார் நட்டார்கள். நிலைபேறான அபிவிருத்தி என்று இக்காலத்தார் கூறுவது இதனையே எனலாம்.

குடிப்பவர் யார்?

ஏரியின் தூய்மையில் அக்கறையுடையவர் கரையில் வாழ்பவர்மட்டுமல்லர். சென் காலன் நகரம் 1895ஆம் ஆண்டு முதலாக ஏரிநீரைக் குடித்துவருகின்றது. ஜேர்மனியிலே, 1954ஆம் ஆண்டில் 13 நகரங்களும் ஊராட்சிகளும் ஒன்றுசேர்ந்து ஒரு நீர்வழங்கற் சங்கத்தை அமைத்தன. 1958 முதல் அச்சங்கம், சிப்ளிங்கன் என்னும் இடத்தில் ஏரியின் ஏறத்தாழ 60 மீற்றர் ஆழத்திலிருந்து நீரை எடுத்து, மலைமேல் ஏற்றி, வடக்கே வெகுதொலைவிலுள்ள ஸ்ருட்கார்ட் முதலிய நகரங்களுக்கு அனுப்பிவருகின்றது. இன்று ஏறத்தாழ 320 நகரங்களையும் ஊர்களையும் சேர்ந்த 40 இலட்சம் மக்கள் அந்நீரைப் பருகுகின்றனர்.

ஒருவர் நீரை எடுக்கும்போது மற்றவர் கேட்பது இயல்பு. 1966ஆம் ஆண்டிலே மூன்று நாடுகளும் இதற்கென ஓர் உடன்படிக்கை செய்தன. பெருமளவு நீர் எடுக்க விரும்பும் நாடு, ஏனைய கரையோர நாடுகளுக்கு முன்கூட்டி அறிவித்து அவர்தம் கருத்தைக் கேட்டல் வேண்டும். பங்குக் கிணற்றில் முறைதவறி இறைப்பவனை நோக்கி, "ஒரு சொல் சொல்லியிருக்கலாமே!" என்று நம்மவர் கூறுவதில்லையா? அச்சொல்லையே அவர்கள் சட்டமாக்கினர்.

தெளிந்த நீரிற் புதிய வழக்கு

கதை இங்கே இனிது முடிந்தது என்று எழுதினால், மாணவருக்குப் பொய் கூறியவனாவேன். ஏரி தெளிந்தது; மீனவரின் வலை வெறுமையாயிற்று.

பொசுபரசு குறைந்தமையாற் பாசி குறைந்தது. பாசி குறைந்தமையால் அதனை உண்ணும் சிற்றுயிர்கள் குறைந்தன. அவற்றையுண்டு வாழும் பெல்கன் என்னும் மீன் மெலிந்து அருகிற்று. ஏரியை ஒட்டிய உணவகங்களிற் புகழ்பெற்றிருந்தது அம்மீன். நீர் வேண்டியதற்கும் மேலாகத் தூய்மையாகிவிட்டது, பொசுபரசைச் சிறிது கூடுதலாக விடுங்கள் என்று மீனவர்கள் வேண்டினர். குடிநீர் வழங்குவோரும் ஆணைக்குழுவும் அதற்கு இசையவில்லை. ஏரி தன் பழைய இயற்கை நிலையை அடைந்திருக்கின்றது. அதனை வேண்டுமென்றே அழுக்காக்குதல் தகாது என்றனர். ஒருபக்கம் 40 இலட்சம் பேரின் குடிநீர். மற்றைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்த சில குடும்பங்களின் சோறு. நியாயம் இருபக்கமும் உண்டு. எண்ணிக்கை பெரிதென்பதனால் மாத்திரம் சிறியவரின் இழப்பு இல்லாதொழியுமா?

வேறு இடர்களும் வந்து சேர்ந்தன. முள்முதுகுச் சிறுமீன் ஒன்று ஆழ்நீரிலே பெருகிப் பெல்கனுடன் உணவுக்குப் போட்டியிடுகின்றது. 2016ஆம் ஆண்டில், குவாகா என்னும் அயல்நாட்டுச் சிப்பி ஏரியிற் காணப்பட்டது. அது பாசியை வடித்து உண்பதோடு, நீர்க்குழாய்களினுள்ளும் ஒட்டி அடைக்கின்றது. குளிர்காலம் வெப்பமடைந்து வருவதால், மேல்நீரும் ஆழ்நீரும் கலந்து ஒட்சிசன் அடியிற் சேர்வதும் சில ஆண்டுகளிற் குறைவுபடுகின்றது. முடிவில், 2024ஆம் ஆண்டு தொடக்கம் மூன்று ஆண்டுகளுக்கு மேலேரியிலே பெல்கன் பிடித்தல் தடைசெய்யப்பட்டது. அத்தடையைக் கரையோர அரசுகள் எல்லாம் சேர்ந்தே விதித்தன. 1893இல் அமைந்த அதே ஒழுங்கின்கீழ் எடுத்த முடிவு அது.

இதனால் அறியத்தக்கது யாது? ஒத்துழைப்பு என்பது ஒருமுறை செய்து பெட்டியிற் பூட்டிவைக்கும் உறுதிப்பத்திரம் அன்று. ஒரு வழக்குத் தீரும்போது மற்றொன்று பிறக்கும். வழக்கைப் பேசித் தீர்க்கும் மேசை அங்கே முன்னமே இருந்தது. புது வழக்கு வந்தபோது புது மேசை தேடவேண்டியிருக்கவில்லை.

ஏரிக்கு அப்பால்

நீரிற் பழகிய கை வேறு தொழில்களுக்கும் உதவிற்று. ஏரியைச் சூழ்ந்த மாநில அரசுகளும் கன்ரன்களும் 1972ஆம் ஆண்டில் ஒரு மாநாட்டு அமைப்பை உருவாக்கின. லீக்ரென்ஸ்ரைன் என்னும் சிறு நாடும் சூரிச், ஷவ்ஹவுசன் முதலிய கன்ரன்களும் இன்று அதில் அங்கம் வகிக்கின்றன. போக்குவரத்து, சுற்றாடல், கல்வி, பண்பாடு ஆகியன அங்கே ஆராயப்படுகின்றன. அதன் ஆதரவோடு 2000ஆம் ஆண்டளவில் இப்பிரதேசத்துப் பல்கலைக்கழகங்களும் உயர்கல்லூரிகளும் ஒன்றிணைந்து ஒரு கூட்டமைப்பாயின.

ஐரோப்பாவிலே இத்தகைய முயற்சி இது ஒன்றுமட்டுமன்று. 1958ஆம் ஆண்டிலேயே ஜேர்மனி, நெதர்லாந்து ஆகியவற்றின் எல்லையிலுள்ள நகரசபைகளும் ஊர்களும் யூறேஜியோ என்னும் பெயரிற் கைகோத்தன. போர் முடிந்து அப்போது 13 ஆண்டுகளே ஆகியிருந்தன. பகைமை ஆறாத காலத்தில் அயலவர் முந்திக்கொண்டனர். சட்டம் பிந்தி வந்தது. உள்ளூர், பிரதேச ஆட்சிகள் எல்லை கடந்து ஒத்துழைப்பதற்கான பொது உடன்படிக்கை 1980ஆம் ஆண்டிலே மட்ரிட் நகரில் கைச்சாத்தாயிற்று. 2006ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம், இத்தகைய கூட்டுகள் சட்டப்படி ஓர் அமைப்பாக இயங்கவும், சொத்து வைத்திருக்கவும், ஊழியரை நியமிக்கவும் வழிசெய்தது. 2015இல் ஐக்கிய நாடுகள் சபை வகுத்த 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளுள், நீர்வளத்தை எல்லை கடந்து கூடி நிருவகித்தலும் இடம்பெற்றுள்ளது.

மாணவனுக்கு விடை

இப்பொழுது அம்மாணவனின் வினாவுக்கு வருவேன். ஏரிக்குள்ளே கோட்டைக் காணவில்லையே என்று அவன் கேட்டான். தம்பி, கோடு இல்லை. கோட்டைப் பற்றி அவர்களால் ஒன்றுபட முடியவில்லை. ஆனால் வலையின் கண்ணைப் பற்றியும், கழிவுநீரைப் பற்றியும், எடுக்கும் நீரின் அளவைப் பற்றியும் ஒன்றுபட்டார்கள். யாருக்கு உரியது என்னும் வினாவை ஒருபுறம் வைத்துவிட்டு, யார் என்ன செய்யவேண்டும் என்னும் வினாவை எடுத்துக்கொண்டார்கள். முதல் வினாவுக்கு விடை வரட்டும் என்று காத்திருந்தால், ஏரி இறந்திருக்கும்.

இது தூரதேசத்துச் செய்தி என்று நாம் விட்டுவிடலாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. நாம் பருகுவது சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கிய மழைநீரையே. அப்பாறைக்குள்ளே வேலியுமில்லை, பிரதேச சபையின் எல்லைக்கல்லுமில்லை. ஒருவன் தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சி இடும் உரத்தின் நைத்திரேற்று மற்றவன் கிணற்றில் ஊறும். ஒரு மலசலகூடக் குழியின் கசிவு வேலிக்கு அப்பாலுள்ள குழந்தையின் கிண்ணத்திலே சேரும். கரையோரத்திலே மிகையாக இறைத்தால் உவர் உள்ளே புகும். கோடைகாலத்தில் நம் மேலேரி நம் காலின்கீழே இருக்கின்றது. கண்ணுக்குத் தோன்றாமையால் அதனை நாம் மறந்துவிடுகின்றோம்.

வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். அவ்வைப்புமுறையின் கருத்தை மாணவர்க்கு விளக்குவது என் தொழில். ஆனால் அதிகாரத்தை மனனஞ் செய்து பரீட்சையிற் புள்ளி பெற்ற கையோடு, கிணற்றடியிலே சவர்க்கார நீரைத் தேங்கவிடும் மாணவனை யான் அறிவேன். அவனைக் கண்டும் காணாதவன் போலச் சென்ற ஆசிரியனையும் அறிவேன்.

சென் காலன் நண்பர் விடைபெறும்போது, "அங்கே என் பிள்ளைகள் தண்ணீர்க் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறார்கள், இங்கே அம்மா வீட்டுக் கிணற்றில் குடிக்கவேண்டாம் என்று நானே தடுக்கிறேன். அதுதான் மனதுக்குக் கஷ்டம்" என்றார். நாங்கள் இருவரும் சிறுவயதில் அக்கிணற்று நீரைத் துலாவால் அள்ளி, கையேந்திக் குடித்தவர்கள். உலகின் பல கரைகளிலும் வாழும் நம் பழைய மாணவர்கள் நல்ல நீரையும் நல்ல ஒழுங்கையும் கண்டவர்கள். அவ்வொழுங்கு எவ்வாறு அமைந்தது என்பதை இங்குள்ள இளையோர்க்கும், நம் ஊராட்சி மன்றங்களில் அமர்வோர்க்கும் எடுத்துரைப்பார்களாயின், அஃது அவர்கள் கல்லூரிக்குக் கட்டித்தரும் மண்டபங்களினும் நீடித்து நிற்கும்.

விழாக் காணும் நம் கல்லூரி அன்னை நீடூழி வாழ்க! அவள் பிள்ளைகள் பருகும் நீர் தெளிக!